ஒரு நாள் தவறாமல்

அக்டோபர் 6, திங்கள்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மனசு கேட்காவிட்டால் படியுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள்.

என் பெயர் பாண்டிமீனா. எட்டாம் வகுப்பு. இது கணக்கு ரஃப் நோட்டின் பின்பக்கம். அம்மா தூங்கிய பிறகு, நடையில் எரியும் விளக்கு வெளிச்சம் கதவிடுக்கு வழியாக விழும் இடத்தில் குப்புறப் படுத்து எழுதுகிறேன். எங்களுடையது லைன் வீடு. வரிசையாக எட்டு அறைகள், எட்டுக்கும் சேர்த்து ஒரு துவைக்கிற கல். உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். அப்பா போர்வெல் லாரியில் வேலை பார்க்கிறார். இப்போது மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறார்.

தம்பி மாயக்கண்ணன் சனிக்கிழமைதான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். நாங்கள் மாயி என்று கூப்பிடுவோம். ஒரு வயது எட்டு மாதம். நெஞ்சுச் சளி. ஜூலையில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவு பதினொன்று இருக்க வேண்டுமாம், ஆறு புள்ளி எட்டுதான் இருக்கிறதாம். டாக்டரம்மா அவன் கீழிமையை இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை.

இரும்புச்சத்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில், வெறும் வயிற்றில், பாலோடு சேர்க்காமல் கொடுக்க வேண்டும். அம்மாவின் கம்பெனி வேன் ஆறே முக்காலுக்கு வந்துவிடும். மாயி ஏழரைக்குத்தான் எழுந்திருப்பான். அதனால் மருந்து என் பொறுப்பு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எப்படிக் கொடுப்பது என்று அம்மா காட்டித் தந்தாள். மடியில் மல்லாக்கப் போட்டு, இரண்டு கையையும் முழங்கையால் அமுக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விட வாயைத் திறந்ததும் சங்கைக் கடைவாயில் வைத்து ஊற்றினாள்.

"ஒனக்கும் இப்படித்தான் ஊத்துனேன். செத்தா போன? பைய ஊத்தணும், அம்புட்டுத்தான்."

இன்று நான் கொடுத்தேன். பாதி என் பாவாடையில். கறை போகவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மருந்து கொடுத்தேன். சமூக அறிவியல் தேர்வில் எழுபத்திரண்டு.

அக்டோபர் 8, புதன்

மருந்து கொடுத்தேன். புரை ஏறியது. இப்போது சரியாகிவிட்டான்.

அக்டோபர் 9, வியாழன்

பள்ளியில் வியாழக்கிழமை எங்களுக்கும் இரும்புச்சத்து மாத்திரை. மதியம் சாப்பிட்டதும் டீச்சர் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். நஸ்ரின் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு "ஆ" காட்டுவாள். இன்று டீச்சர், "நாக்கைத் தூக்குடி, மந்திரவாதி" என்றார். மாத்திரை நாக்கில் ஒட்டிக்கொண்டு நீலமாக இருந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரவு அம்மா வந்ததும் கேட்டாள். "குடுத்தியாடி?"

"குடுத்தேன்மா."

இன்று மாயி நன்றாக விளையாடினான்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாயிக்கு மூக்கு ஒழுகுகிறது. உடம்பு சுடுகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

காய்ச்சல் நூற்றிரண்டு. இருமினால் நெஞ்சுக்குள் தகரடப்பாவில் கல் உருட்டுவது போலச் சத்தம் வருகிறது. அம்மா இன்று லீவு போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனாள். நர்ஸ் அவன் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினார்களாம். ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரும்பு மருந்தைக் காய்ச்சல் விட்டதும் மறுபடி கொடுக்கச் சொன்னார்கள்.

நான் பள்ளிக்குப் போகும்போது மாயியை ருக்மணி அக்கா வீட்டில்தான் விடுவேன். மூன்றாம் நம்பர் அறை. அக்கா இந்த ஊர்க்காரர். வீட்டிலேயே ஓவர்லாக் தையல் மெஷின் வைத்திருக்கிறார். சாயங்காலம் அங்கே போனபோது யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைக்குப் பாலு புரை ஏறிப் போச்சாமா. நெஞ்சுக்குள்ள எறங்கிக் கட்டிக்கிச்சுன்னா அப்பறம் நெம்பக் கஷ்டமுங்."

நான் வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"ஏனம்மிணி, பேயறைஞ்சாப்புல நிக்கறே? உள்ள வா. முறுக்குத் தின்னு."

முறுக்கு வாங்கிக்கொண்டேன். தின்னவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஊருக்குப் போகவில்லை. மாயிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பஸ் கூட்டத்தில் தூக்கிப்போகப் பயம் என்றாள் அம்மா. லைன் வீட்டில் ருக்மணி அக்காவையும் எங்களையும் தவிர எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். துவைக்கிற கல் நாள் முழுக்கக் காலியாக இருந்தது. எங்கள் போர்வை இரண்டையும் துவைத்தேன்.

அப்பா போன் செய்தார். "மாயிகிட்ட குடு" என்றார். மாயி போனை நக்கினான். எதையும் நக்குகிறான். கட்டில் காலுக்குப் பக்கத்தில் சுவரைச் சுரண்டிச் சுரண்டித் தின்று ஓர் உள்ளங்கை அளவு பள்ளமாக்கிவிட்டான். வாயெல்லாம் சுண்ணாம்பு. விரலை விட்டு எடுத்தால் கடிக்கிறான்.

நாளை முதல் மறுபடி மருந்து.

அக்டோபர் 23, வியாழன்

அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "பரவாயில்லையே, கொறைஞ்சிருக்கே" என்றாள். தலையில் தட்டிக்கொடுத்தாள்.

அக்டோபர் 27, திங்கள்

ருக்மணி அக்கா துவைக்கிற கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "இதென்ன கறை அம்மிணி, துருவாட்ட? நானும் மூணு நாளாத் தேய்க்கறேன், போவேனாங்குது."

யாராவது சாயத்துணி துவைத்திருப்பார்கள் என்றேன்.

"ஆருடி இங்க சாயத்துணி தொவைக்கறா? ஒவ்வொருத்தியும் கம்பெனில வாங்குன வெள்ளை பனியனையே வருசக்கணக்காப் போட்டுட்டுத் திரியறா."

சிரித்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் கல் பக்கம் வேண்டாம்.

அக்டோபர் 29, புதன்

இன்று பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். பிள்ளை மருந்து குடிக்கிறானா, வாந்தி உண்டா என்று. பிறகு ஒரு கேள்வி. அம்மாவுக்கு அது தெரியவில்லை. பிள்ளையைக் காலையில் கழுவிவிடுவது நான்தானே. வந்து என்னிடம் கேட்டாள்.

"ஏண்டி, மாயிக்கு வெளிக்கிக் கருப்பாப் போகுதா?"

"ஏன்மா?"

"கருப்பாப் போனாத்தான் மருந்து உள்ள போகுதுன்னு அர்த்தமாம். பயப்பட வேணாம்னு சொன்னாக."

"ஆமாம்மா. கருப்பாத்தான் போறான். தார் மாதிரி."

தார் மாதிரி என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அம்மா உடனே நர்ஸுக்குப் போன் செய்தாள். "கருப்பாத்தான் போறானாம் மேடம், தார் மாதிரி." என் சொல்லை அப்படியே சொன்னாள். நர்ஸ் அதை எழுதிக்கொண்டார்களாம்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. பள்ளிக்குப் போகும்போது என் செருப்பு அறுந்துவிட்டது. மாயி என் தோளிலேயே தூங்கிவிடுகிறான். முன்பெல்லாம் ருக்மணி அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் ஓடுவான். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்க்கிறான்.

சேட்டை குறைந்துவிட்டது, நல்ல பிள்ளையாகிவிட்டான் என்கிறாள் அம்மா.

நவம்பர் 8, சனி

மறுபடி காய்ச்சல்.

நவம்பர் 10, திங்கள்

நேற்று மாலை மாயிக்கு மூச்சு விடும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்தது. பால் குடிக்க முடியவில்லை, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்கினான். ருக்மணி அக்காதான் பார்த்துவிட்டு அம்மாவிடம் கத்தினார். "செல்வராணி! இன்னுமென்ன பாத்துட்டு நிக்கறே? ஆட்டோவக் கூப்புடு!"

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். காலில் ஊசி. நான் இன்று ருக்மணி அக்கா அறையில் படுத்திருக்கிறேன். அக்கா தூங்கினாலும் மெஷின் மிதிப்பது போல் கால் அசைகிறது.

அப்பாவிடம் அம்மா போனில் அழுதாள். "ரெண்டு நாளைக்காச்சும் வாங்க." வண்டியிலிருந்து இறங்கினால் அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடுவானாம். வரப் பார்க்கிறேன் என்றாராம்.

நவம்பர் 11, செவ்வாய்

பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா வந்திருந்த நேரம். அதே டாக்டரம்மாதான், முன்பு இமையை இழுத்துக் காட்டியவர். கையில் காகிதம் வைத்திருந்தார்.

"இப்ப அஞ்சு புள்ளி ஒன்பது. போன தடவையைவிடக் கம்மி. மருந்து குடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தோம் டாக்டரம்மா. ஒரு மாசமா."

"எல்லா அம்மாவும் அப்படித்தாம்மா சொல்றீங்க. தினமும் குடுத்தீங்களா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இந்தா, எம்மக. இவதான் குடுத்தா. பள்ளிக்கூடம் போற பிள்ள, காலைல எந்திரிச்சு சோறாக்கி, தம்பியக் கழுவி, மருந்து ஊத்திட்டுத்தான் போவா. ஒரு நாள் தவறாம. நீங்க அவளையே கேளுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்து, களைத்திருந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கோப்பைப் புரட்டினார். "மலம் கருப்பாப் போச்சுன்னு நர்ஸும் எழுதியிருக்காங்க." "அப்ப மருந்து உள்ள போயிருக்கு. ஆனா ரத்தம் ஏறல. அப்படின்னா இது வெறும் சத்துக் குறைவு இல்லம்மா. எலும்புக்குள்ளதான் ரத்தம் ஊறுது. அங்கயே ஏதோ கோளாறான்னு பாக்கணும். கோயம்புத்தூருக்கு அனுப்பறோம். சளி கொஞ்சம் அடங்குனதும் மயக்கம் குடுத்து, இடுப்பு எலும்புல ஊசி போட்டு எடுத்துப் பாப்பாங்க."

"மயக்கமா? இம்புட்டுச் சளியோடயா?"

"அதுதான் எங்களுக்கும் யோசனையா இருக்கு."

பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி மெதுவாகப் பேசினார். "சளி வேற, ரத்தக் குறைவு வேறன்னு நெனைக்காதீங்க. ரத்தம் இல்லாத பிள்ளைக்கு எதிர்த்து நிக்கத் தெம்பு கிடையாது. மத்த பிள்ளைக்கு மூக்கோட போற சளி இவனுக்கு நெஞ்சுக்கு எறங்கிடும். நெஞ்சுக்கு எறங்குனா சாப்பாடு போகாது, இருக்கிற ரத்தமும் கொறையும். மறுபடி சளி. நாலு மாசத்துல நாலு தடவை வந்திருக்கு. நான் மறுபடி மறுபடி சளிக்கு மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்ல. ரத்தம் ஏன் ஏறலன்னு தெரியணும்."

போகும்போது என் கன்னத்தில் தட்டி, "நல்ல பொண்ணு" என்றார்.

நவம்பர் 12, புதன்

எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் எட்டாம் தேதி புரை ஏறியது என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். ஒரு வரி இல்லை அது. மூக்கைப் பிடித்து ஊற்றினேன். அன்று அவன் அழுதுகொண்டே இருந்தான், பள்ளிக்கு நேரமாகிவிட்டது, பைய ஊற்றவில்லை, சங்கை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டேன். சத்தம் நின்றுபோனது. வாய் திறந்திருக்கிறது, கண் என்னையே பார்க்கிறது, மூச்சு மட்டும் இல்லை. உதடு நாவற்பழம் தின்றது போல ஆகிவிட்டது. தலைகீழாகத் தூக்கி முதுகில் அடித்தேன், அடித்தேன். பிறகு கறுப்பாக வாந்தி வந்து, மூச்சு வந்து, அழுதான். அந்த அழுகை போல எனக்குப் பிடித்த சத்தம் உலகத்தில் எதுவும் இல்லை. யாரும் பார்க்கவில்லை. தரையைத் துடைத்துவிட்டு அவனை ருக்மணி அக்காவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நான் அவனுக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை.

சங்கை எடுப்பேன், மறுபடி கழுவி வைத்துவிடுவேன். நாளை கொடுக்கலாம் என்று தினமும் நினைத்தேன். அம்மா அளவு பார்ப்பாள் என்று ஒரு மூடி, ஒரு மூடியாகத் துவைக்கிற கல்லில் ஊற்றினேன். அப்புறம் சாக்கடையில். நாலு நாளில் சளி வந்ததும் என் மருந்துதான் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். சொன்னால் போலீஸ் வருமோ என்றுகூட நினைத்தேன்.

இன்று டீ பிளாஸ்க் கொண்டுபோனபோது டாக்டரம்மா நடையில் தனியாக நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்விட்டேன்.

"டாக்டர், புரை ஏறினா நெஞ்சுல சளி வருமா?"

"ஏன், தம்பிக்கு ஏறுச்சா?"

"இல்ல டாக்டர். ஸ்கூல்ல... ஒரு புராஜெக்ட்."

"சில சமயம் வரலாம். அதனாலதான் குழந்தையப் படுக்கவச்சு மூக்கைப் புடிச்சு மருந்து ஊத்தக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிறோம். எங்க கேக்கறாங்க? உக்காரவச்சுக் கொஞ்சங் கொஞ்சமாக் கன்னத்துப் பக்கமா விடணும். நல்லா எழுது, புராஜெக்ட்ல."

போய்விட்டார்.

அப்படியென்றால் நான் செய்தது ஒரு தப்பு இல்லை, இரண்டு. மூக்கைப் பிடித்து ஊற்றியது ஒன்று, பிறகு ஊற்றாமலே விட்டது ஒன்று. மூக்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அம்மா. நான் உண்மையைச் சொன்னால் டாக்டரம்மா அம்மாவைத்தான் முதலில் திட்டுவார், எல்லோர் முன்னாலும். சொல்லாவிட்டால் மாயியின் இடுப்பில் ஊசி. அவன் எலும்பில் ஒன்றும் இல்லை. இந்த உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் இந்த நோட்டுக்கும்.

நவம்பர் 13, வியாழன்

நாளை காலை ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ். அப்பாவுக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை, சனிக்கிழமைதான் வருவாராம். கோயம்புத்தூருக்கே வந்துவிடுகிறேன் என்றாராம்.

இன்று ருக்மணி அக்கா மெஷினை மூடிவிட்டு மாயிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து குளித்து, துணி எடுத்துக்கொண்டு, ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும் தேடி எடுத்துக்கொண்டு உடனே திரும்ப வேண்டும். அதனால் எங்கள் அறையைத் திறந்து நான் தனியாக இருக்கிறேன். லைட் போட்டே எழுதுகிறேன். மறைத்து எழுத இன்று யாரும் இல்லை.

சோறு வடித்துவிட்டேன். ரசம் வைத்துவிட்டேன். மாயியின் சட்டை மூன்று, துண்டு இரண்டு மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அட்டைகளும் கிடைத்துவிட்டன. வேலை எல்லாம் முடிந்துவிட்டது. சொல்வது மட்டும்தான் பாக்கி.

போனில் சொல்லப் பார்த்தேன். "என்னடி? சீக்கிரம் சொல்லு" என்றாள். அவள் பக்கத்தில் வேறு பிள்ளைகள் இருமுகிற சத்தம் கேட்டது. "உப்பு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். "இருக்கிற எடத்துலதான் இருக்கு, கூறுகெட்டவளே" என்று வைத்துவிட்டாள்.

சாப்பிட்ட பிறகு சொல்லலாமா? வயிறு நிறைந்தால் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். மூன்று நாளாகத் தூங்கவில்லை. எழுப்ப எனக்கு மனசு வராது. அந்தச் சாக்கில் நான் சொல்லாமல் இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். சாப்பிடுவதற்கு முன்னால் சொன்னால் சாப்பிடமாட்டாள். சாப்பிடாவிட்டால் பரவாயில்லை.

அடிப்பாள். அடிக்கட்டும். அடிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டால்தான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. டாக்டரம்மா முன்னால் என் தோளைப் பிடித்து இழுத்தாளே, அந்த முகம் வேறு முகமாக மாறுவதை நான் பார்க்க வேண்டும்.

அதனால் முகத்தைப் பார்க்காமல் சொல்லப் போகிறேன். கதவைத் தட்டுவாள் அல்லவா? தாழ்ப்பாளை எடுக்காமல், உள்ளே நின்றபடியே சொல்லிவிடுவேன். "அம்மா, எட்டாம் தேதியோட நிறுத்திட்டேன். ஒரு நாளும் கருப்பாப் போகல. தம்பி எலும்புல ஒண்ணும் இல்ல." மூன்று வாக்கியம். மூக்கு விஷயத்தை இப்போது சொல்லமாட்டேன். டாக்டரம்மா கேட்டால் அதையும் நானாகச் செய்தேன் என்று சொல்வேன். மூன்று வாக்கியத்தையும் சொன்ன பிறகு கதவைத் திறப்பேன். உடனே இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ராத்திரி டியூட்டி டாக்டர் யாராவது இருப்பார். ஆம்புலன்ஸ் கிளம்ப இன்னும் எட்டரை மணி நேரம் இருக்கிறது.

வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். மறுபடி சொல்லிப் பார்த்தேன். அது என்ன சத்தம், செருப்பா? நடையில் யாரோ வருகிறார்கள். எட்டாம் நம்பர் அண்ணனாக இருக்கும். இல்லை, இந்தப் பக்கம்தான்.

தட்டுகிறாள்.

"பாண்டி, தொறடி. தூங்கிட்டியா?"

தாழ்ப்பாளை எடுக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு எழுந்து, கதவுகிட்டே போய்ச் சொல்லப் போகிறேன்.